ஏழு நாளில் தூங்கும் டேட்டாபேஸ்

தீவின் பெரிய கடைத்தெருவான அபர்டீன் பஜாரில் பார்சல் ஏஜென்சி நடத்தும் ஜாஹிருக்குத் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரியும். அந்தத் தகுதியோடுதான் அவர் டேட்டாபேஸ் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார். எதிரே ஷாஹினா, மூன்று நாள் மெனக்கெட்டுத் தயாரித்த ஒப்பீட்டுப் பட்டியலோடு இருந்தாள். அவர் அவளுடைய வாப்பாவின் சிநேகிதர்.

சின்னத் தீவான லாங் ஐலண்டுக்குப் போட்டில் போகும் பார்சல்களை அங்குள்ள கடைக்காரர்கள் போனிலேயே பதிவு செய்ய ஒரு ஆப். அவள் தனியாக எடுத்த முதல் வேலை. இது நன்றாக ஓடினால் ஜாஹிரிடமே மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்துகொள்ளலாம். இல்லையென்றால், வேலைக்குக் கூப்பிட்டிருக்கும் சென்னைக் கம்பெனிக்கு மாதக் கடைசிக்குள் சரி என்று எழுத வேண்டும். ஊரை விட்டுப் போக அவளுக்குத் துளியும் மனமில்லை. மெயின்லேண்டுக்குப் போகாத பிள்ளை உருப்படாது என்பது தீவில் வீட்டுக்கு வீடு நிலவும் ஞானம். அவள் உம்மா ஜன்னத் பீவி பெட்டியே வாங்கி வைத்துவிட்டாள்.

“மாமா, மூணுமே கிளவுட்தான். நாம மெஷின் வாங்கவும் வேணாம், பாத்துக்கவும் வேணாம். இந்த ரெண்டும் எப்பவும் முழிச்சிருக்கும், மாசாமாசம் கட்டணும். இது இலவசம். ஆனா ஏழு நாள் யாரும் தொடலேன்னா தூங்கிடும். நாமதான் உள்ள போய் எழுப்பணும்.”

“வேலை இல்லாதப்பதானே தூங்குது? அச்சா ஹை. நம்ம ஆளுங்க வேலை இருக்கறப்பவே தூங்குறானுங்க. இதையே போடு.”

“ஏழு நாள் போட் ஓடலேன்னா?”

“போட்டே ஓடலேன்னா பார்சல் ஏதும்மா?”

தர்க்கம் என்றால் இதுவல்லவா தர்க்கம். ஷாஹினா பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஆப் பிரமாதமாக ஓடியது, பன்னிரண்டு நாள். “நம்ம டேட்டா ஆகாசத்துல இருக்கு” என்று ஜாஹிர் பஜார் முழுக்கப் பீற்றிக்கொண்டார். அப்புறம் காற்று கிளம்பியது. எட்டு நாள் போட் கேன்சல். லம்பா லைன் பகுதியில் இருக்கும் ஷாஹினாவின் வீட்டில் நெட்டும் போய்விட்டது. டேட்டாபேஸ் மட்டும் சொன்ன சொல் தவறாமல் ஏழாம் நாள் தூங்கிவிட்டது.

ஒன்பதாம் நாள் காலையில் போட் கிளம்பும் என்று அறிவித்தார்கள். சரக்கில்லாமல் காய்ந்து கிடந்த கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆப்பைத் திறந்தார்கள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. லாங் ஐலண்டிலிருந்து கடைக்காரன் அப்ஸல் போன் செய்தான்.

“க்யா ஹுவா பாய்? ஆகாசத்துல யாரும் போனை எடுக்கலையா?”

ஜாஹிர் ஆள் அனுப்பி, ஷாஹினா அடித்துப் பிடித்து ஏஜென்சிக்கு வந்து அதை எழுப்புவதற்குள் போட் போய்விட்டது. பாதி மூட்டைகள் படகுத்துறையிலேயே கிடந்தன. போச்சு, எல்லாம் போச்சு என்று அவளுக்கு அழுகை முட்டியது.

ஜாஹிர் அவளுக்கு ஒரு டீ வரவழைத்தார்.

“அது தூங்குனது தப்பில்லம்மா. எழுப்ப ஆள் வைக்காததுதான் தப்பு. நீ சம்பளத்துக்கு வந்துடு. தினம் காலையில இங்க வந்து அதை எழுப்பி விடு, அவ்வளவுதான்.”

இலவசமாகக் கிடைத்த டேட்டாபேஸுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு ஆள். கட்டணமே கட்டியிருந்தால் அதில் கால்வாசிகூட ஆகியிருக்காது. அதுகூட வேண்டாம், தினமும் தானாகவே போய் அதைத் தொட்டுவிட்டு வர ஐந்து வரி புரோகிராம் போதும். டீ ஆறுவதற்குள் எழுதிவிடலாம். அந்த யோசனையை ஷாஹினா டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

“காலையில எத்தனை மணிக்கு வரணும் மாமா?” என்று கேட்டாள்.