மூன்றாவது துணி

துணியைப் பற்றித் தனக்கே ஒருத்தி பாடம் எடுப்பாள் என்று தையல்காரி நினைத்ததே இல்லை. அதுவும் நாத்தனார்!

சாப்பாட்டு மேசையில் ஐந்து துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. பஞ்சு, பட்டு, கஞ்சி போகாத காடா, சொரசொரவென்று ஒரு குளியல் துண்டு, கடைசியில் கூடாரம் தைக்கிற கித்தான்.

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தன் காலை உங்க பொண்ணே தேய்ச்சுக்கணும். ஒண்ணு பழகினப்புறம்தான் அடுத்தது. நீங்க கை வைக்கக் கூடாது அண்ணி. பக்கத்துல நின்னு மூஞ்சியைச் சுளிக்கவும் கூடாது."

"என் மூஞ்சியே அப்படித்தான். கட்டிக்கிறதுக்கு முன்னாடியே உங்க அண்ணன் பாத்திருக்கணும்."

அண்ணன்காரர் லிஃப்ட் மெக்கானிக். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் அவரே இரண்டு மாடிக்கு இடையில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி உட்கார்ந்திருந்தார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

போன வருஷம் பள்ளிக்கூடப் படிக்கட்டில் மகளுக்குக் கணுக்கால் பிசகியது. வீக்கம் வடிந்தது. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சுத்தம். வலி மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. போர்வை நுனி பட்டாலே அலறுவாள். ஷூ போட முடியாது, ஷூ இல்லாமல் பள்ளிக்கூடத்தில் விட மாட்டார்கள். பதிமூன்று வயசுப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து மற்ற பிள்ளைகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் வருவதெல்லாம் வெடி என்பதால் வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பேர். இப்போது அந்தப் பட்டாசும் நமுத்துப் போயிருந்தது.

நாத்தனார் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். அண்ணன் மகளிடம் அவள் சொன்னது ஒரே விஷயம்தான். "அழைப்பு மணி பட்டன் உள்ள சிக்கிக்கிச்சுன்னு வை. வாசல்ல யாரும் இல்ல, மணி மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கும். உன் காலும் அப்படித்தான்."

"அப்ப வலிக்குதுன்னு அவ பொய் சொல்றாளா?" என்று தையல்காரி பாய்ந்தாள்.

"எவ சொன்னா பொய்னு? சத்தம் நிஜம், காதே கிழியும். ஆனா வாசல்ல ஆளு இல்ல. அதை அவ நரம்பு நம்பணும். அதுக்குத்தான் துணி. அப்புறம் இன்னொண்ணு, எதுக்கெடுத்தாலும் 'வலிக்குதா, வலிக்குதா'ன்னு கேக்குறத முதல்ல விடுங்க. நீங்க கேக்குறப்பல்லாம் அவ உள்ள போய் வலியைத் தேடி எடுத்துட்டு வர்றா."

"பெத்தவ கேக்காம வேற யாரு கேப்பா?"

"பெத்தவங்க வேற ஏதாவது பேசுங்களேன். வாய்க்கா பஞ்சம்?"

நாத்தனார் வாயில் 'அண்ணி' என்கிற சொல்கூட ஊசி நுழைத்துத்தான் வரும். தையல்காரிக்கு ஊசி புதிதல்ல. குத்தினால் எங்கே குத்தியது என்று மறக்காதவள் அவள்.

பஞ்சைப் பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். பட்டுக்கு இன்னும் நாள் பிடித்தது, ஆனாலும் தாண்டினாள். காடா வந்தது. முதல் தேய்ப்பிலேயே அவள் போட்ட சத்தத்தில், கதவுக்கு வெளியே நின்ற தையல்காரி காதைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் பட்டாசு கத்தவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு ஊமையாக அழுதாள். அதுதான் தாங்கவில்லை.

தையல்காரி வேலை பார்த்தது திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கிற கடையில். எந்தத் துணி எதற்கு மசியும் என்று அவள் விரலுக்குத் தெரியும். காடாவை மறைத்து எடுத்துப்போய், கடையில் டீ போடுகிற அடுப்பில் கொதிக்கவைத்துக் கஞ்சியை இறக்கினாள். கசக்கினாள், அலசினாள், மறுபடி கொதிக்கவைத்தாள். காய்ந்ததும் இஸ்திரி போட்டாள். பார்வைக்கு அதே துணி. தொட்டால் பழைய கைக்குட்டை.

"அம்மா! தேய்ச்சேன்மா! முழுசா!" என்று சாயங்காலம் பட்டாசு கூவியபோது அந்த முகத்தில் ஒரு வருஷமாகக் காணாத வெளிச்சம். அதைப் பார்த்தபிறகு எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? குளியல் துண்டும் கடை அடுப்புக்குப் போனது. கித்தானை நைசான உப்புத்தாளால் இரண்டு பக்கமும் தேய்த்து முரட்டுத்தனத்தையெல்லாம் எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை பட்டாசு சாக்ஸும் ஷூவும் மாட்டிக்கொண்டு, "அத்தையோட கித்தானையே ஜெயிச்சாச்சு, இதெல்லாம் ஒரு ஷூவா?" என்று மார்தட்டிக் கிளம்பினாள்.

முதல் பாடம் முடிவதற்குள் போன் வந்தது. தையல்காரி ஓடிப்போய்ப் பார்த்தபோது மகள் வராந்தாவில் தரையில் கிடந்தாள். ஒரு ஷூ அந்தப் பக்கம், சாக்ஸ் இந்தப் பக்கம். சுற்றிலும் வகுப்பே நின்றது. "நேத்து போன்ல பெருசா அளந்தாளே, இப்ப என்ன நடிப்பு!" என்றாள் ஒருத்தி. அவள்தான் பட்டாசின் பக்கத்து சீட் தோழி.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். "கித்தான் பழகின காலு சாக்ஸுக்கு அலறாதே" என்று முணுமுணுத்தபடி துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். காடாவில் கை நின்றது. விரலிடுக்கில் வைத்து உருட்டினாள்.

"அண்ணி, இது நான் கொடுத்த துணியா?"

நாத்தனார் கித்தானை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"வெட்கமா இல்ல உங்களுக்கு?"

"எதுக்குடி வெட்கம்? என் பொண்ணு துடிக்கிறா. நீ வந்து காபி குடிச்சிட்டுச் சட்டம் பேசிட்டுப் போவ. ராத்திரி அவ அழுகையை நான்ல கேக்குறேன்!"

"அதுக்காக ஏமாத்துவீங்களா? யாரை? என்னையா? உங்க பொண்ணையா?"

கட்டிலில் இருந்து பட்டாசு கேட்டாள். "என்ன பண்ண நீ?"

சொல்ல வேண்டியதாயிற்று. பட்டாசு கேட்டு முடித்தாள், வெடிக்கவில்லை. "அப்ப நான் ஒண்ணுமே பண்ணலல்ல" என்றாள் மெதுவாக.

"கண்ணு, நீ துடிக்கிறத என்னால பாக்க முடியல..."

"உன்னை யாரு பாக்கச் சொன்னா? வலி எனக்குத்தானே? உனக்கு எதுக்கு அவ்வளவு அவசரம்? எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. போ வெளிய! ரெண்டு பேரும் போங்க! துணியும் வேணாம், ஸ்கூலும் வேணாம். நான் இப்படியே கிடக்குறேன்."

துண்டுகள் ஒவ்வொன்றாகப் பறந்துவந்து கதவில் மோதின. அதன்பிறகு அவள் அந்தக் காலைத் தானும் தொடவில்லை, யாரையும் தொடவிடவில்லை. தையல்காரி வைத்த தட்டு ஆறிப்போய்த் திரும்பி வந்தது. அப்பா வைத்தால் மட்டும் கொஞ்சம் குறைந்து வந்தது. "கால் இப்படியே கிடந்தா இறுகிடும், அப்புறம் நடக்கிறதே பாடு" என்று நாத்தனார் அண்ணனிடம் போனில் சொன்னது தையல்காரி காதிலும் விழுந்தது.

மறுநாள் கடையில் புதுச்சுருளிலிருந்து காடாவும், கித்தானும் வெட்டினாள். வழியில் ஒரு முரட்டுக் குளியல் துண்டு வாங்கினாள். கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தாள்.

"இதையும் வேக வச்சிருப்ப" என்றாள் பட்டாசு, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"சத்தியமா இல்லடி."

"அத்தை தொட்டுப் பாத்துச் சொல்லட்டும்."

அந்த போனை எடுப்பதைவிடக் கித்தானைத் தின்பது சுலபமாக இருந்திருக்கும். எடுத்தாள். "வந்து தொட்டுப் பாத்துட்டுப் போ" என்றாள்.

"யாரு, நானா? காபி குடிச்சிட்டுச் சட்டம் பேசுறவளா?"

"ஆமா, நீதான். வா."

நாத்தனார் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் வெற்றி தெரிந்தது. மூன்றையும் சந்தேகக் கேஸ் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நகத்தால் கீறினாள். "இது சரி" என்றாள். பிறகு, பட்டாசு காதில் விழவேண்டும் என்றே, "எதுல ஆரம்பிச்சீங்க அண்ணி, உங்க சமையலை?" என்று கேட்டாள்.

"காடாவுல."

"பஞ்சு?"

"தொடல."

"பட்டு?"

"அதுல என்னத்தை மிருதுவாக்குறது? தொடல."

கட்டிலில் ஒரு அசைவு. "பஞ்சும் பட்டும் நான் பண்ணதா?"

"நீதான். வேற யாரு?" என்றாள் தையல்காரி.

"எனக்கு அத்தை சொல்லணும்."

"நீயேதான்" என்றாள் நாத்தனார். "போர்வை பட்டாலே கூரை பறந்த காலு அது. சும்மாவா?"

பட்டாசு எழுந்து உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டினாள். "காடாவைக் குடு."

தையல்காரி கொடுத்துவிட்டு வெளியே போகத் திரும்பினாள்.

"நீ எங்க போற? கதவுக்குப் பின்னாடி நின்னு மூக்கை உறிஞ்சவா? இங்கயே உக்காரு. என் காலைப் பாக்காத, சுவரைப் பாரு. வலிக்குதான்னு கேட்ட, அவ்வளவுதான். ஏதாவது பேசு. கடைக்கதை சொல்லு."

நாத்தனார் வந்த சிரிப்பைப் பொத்திக்கொண்டு அண்ணனிடம் போனாள். தையல்காரி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"போன மாசம் ஒரு ஆளு வந்தான். ஜன்னலை அளந்துட்டு வாய்யான்னா, பொண்டாட்டி புடவையால அளந்துட்டு வந்திருக்கான்..."

முதுகுக்குப் பின்னால் துணி உரசும் சத்தம். மூச்சு ஒன்று இழுபட்டு நின்றது. தையல்காரியின் நாக்கும் நின்றது.

"நிறுத்தாத!" என்று பட்டாசு சீறினாள். "அப்புறம்?"

"அப்புறம்... திரை தரையெல்லாம் புரண்டுச்சு. அவன் என்னடான்னா எங்ககிட்ட சண்டைக்கு வர்றான். முதலாளி அந்தப் புடவையைக் கொண்டான்னு..."

பின்னால் அழுகை எழுந்தது. பல் கடிபடும் சத்தமும் கேட்டது. துணி உரசுவது மட்டும் நிற்கவில்லை. தையல்காரி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். கடையில் நடந்தது அவ்வளவுதான். கதை தீர்ந்துபோயிற்று, வேளை தீரவில்லை.

"அப்புறம், அவன் பொண்டாட்டியே வந்தா. கையில கத்தரிக்கோலோட."

"பொய் சொல்ற."

"ஆமா."

"சொல்லு" என்றாள் மகள், அழுதுகொண்டே.