பனிக்கு நடுவே ஒரு பச்சை

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் தங்கைக்காரி. அவள் சொன்னதை அப்படியே நம்பினேனா என்று கேட்காதீர்கள். சந்தேகம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: துருவக் கடலின் வெண்மை கண்ணைக் கூச...

வேண்டாம். அவள் அந்தக் கடலை நேரில் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம், ஏசி ஒழுகும் ஓர் அறையில், திரையில் வந்து விழும் செயற்கைக்கோள் படங்களைத்தான்.

2

கடல்பனி எங்கே கெட்டியாக இருக்கிறது, எங்கே இளகுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. கூடவே தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியையும் கவனிப்பாள். கண்ணுக்குத் தெரியாத பாசிதான். ஆனால் மண்டிவிட்டால் கடலே பச்சையாகி வானத்திலிருந்து தெரியும். பனிக்கு நடுவே பச்சை தெரிந்தால், அங்கே விரிசல் விட்டு வெயில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அன்று காலை அப்படியொரு பச்சைக் கீற்றைப் பார்த்தாள். அதன் பக்கத்தில்தான் ஆய்வுக் கப்பல் நின்றது. மறுநாள் ஆட்கள் பனிமேல் இறங்கி மாதிரி எடுக்கப்போகிறார்கள். அவர்களில் ஒருத்தி அவளுடைய அக்கா.

மதியம், கப்பலுக்குப் போக வேண்டிய வரைபடம் தயாராகி வந்தது. பச்சையைக் காணோம். அந்த இடத்தில் மேகம் என்று சாம்பல் நிறம் பூசியிருந்தது. பூசியவர் பிரிவுத் தலைவர், அக்காவின் கணவர்.

3

(அத்தானை வில்லனாக்குவது சுலபம். அவரும் அக்காவும் முகம்கொடுத்துப் பேசி ரொம்ப நாளாகிறது, அக்கா கப்பலேறியதே வீட்டை விட்டுத் தப்பிக்கத்தான் என்றாள் தங்கை. பனி விளிம்பில் எது மேகம், எது பனி என்று கணினியே தடுமாறுவதுண்டு என்றும் அவளேதான் சொன்னாள்.)

அவர் அறைக்குப் போனாள்.

"அத்தான், அது மேகம் இல்ல. காலைல பச்சையா இருந்துச்சு."

"பனி பளபளப்புக்கு அப்படித்தான் காட்டும். உனக்குத் தெரியாததா?"

"கப்பலுக்கு ஒரு வார்த்தை சொல்லிடலாமே."

"சொன்னா யாரும் இறங்கமாட்டாங்க. போனதே வீணாயிடும். உங்க அக்கா என்னைத்தான் திட்டுவா."

நியாயமான பதில். அந்த நியாயம்தான் அவளை நம்பவிடவில்லை. அப்போது அவர் கண்ணில் ஒரு கணம்...

(அடித்துவிட்டேன். அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லையாம். யாரும் பார்க்காத கண்ணைப் பற்றி நான் என்ன எழுதுவது?)

4

வேலை போகலாம் என்று தெரிந்தும், அவரைத் தாண்டி அவளே கப்பலுக்குத் தகவல் அனுப்பினாள். அங்கே யாரையும் இறங்க விடவில்லை. மறுநாள் அந்தப் பனிப்பரப்பு இரண்டாகப் பிளந்து விலகிப் போனது. அதன்மேல் ஆள் இல்லை.

செய்தியைக் கேட்ட அத்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார் என்கிறாள். பதறி எழுந்தாரா, பிடிபட்டுவிட்டோம் என்று எழுந்தாரா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

(அத்தானை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் நாற்காலியில் இப்போது தங்கைதான் உட்காருகிறாள். இதை அவள் சொல்லவில்லை; நானாக விசாரித்தேன்.)

5

கப்பல் திரும்பியதும் அக்காவைக் காரில் அழைத்துவந்தது தங்கைதான். பாதி வழியில் அக்கா கேட்டாளாம்:

"அது மேகம் இல்லைன்னு அவருக்குத் தெரியுமாடி?"

என்ன பதில் சொன்னாய் என்று நான் கேட்டதற்கு, "நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றாள்.

தெரியும் என்று ஒரு முடிவு எழுதினேன். தெரியாது என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: உங்கள் பதிலைக் கேட்டபிறகு அக்கா வீட்டுக்குள் போய், கதவைச் சாத்தி, அவர் பக்கத்தில் படுத்துத் தூங்கியாக வேண்டும்.