பத்தடி தள்ளிப்போக வேண்டியது யார்?

நாச்சிமுத்துவின் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து மெட்ராசிலிருந்து அனுப்பியபோது அவருடைய இதயம் ஒழுங்காகத் துடிக்க ஆரம்பித்திருந்தது. படபடப்பெல்லாம் ஊருக்குத்தான் வந்தது.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டி கனத்துக்கு ஒரு மேடு, அவ்வளவுதான். ஆனால் சேதி எடப்பாடி போய்ச் சேர்வதற்குள் தீப்பெட்டி ரேடியோப் பெட்டியாகிவிட்டது. ஜலகண்டாபுரத்தில் அது டிராக்டர் பேட்டரி. அதற்கும் அப்பால், அவரை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ண வேண்டும், எழுபத்திரண்டுக்குக் குறைந்தால் வர வேண்டும். வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் போகக்கூடாது. இடது கையால் மூட்டை தூக்கக்கூடாது. ஓடும் ஜெனரேட்டருக்கும் நோயாளிக்கும் இடையே பத்தடி இருக்க வேண்டும். மற்ற வேலைகளை எப்போதும்போல் செய்யலாம்.

அந்தக் கடைசி வரி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. மனைவி பொன்னாத்தாள் தன் பங்குக்குத் தாளை நீட்டிக்கொண்டே போனாள். கோழிக்கறி கூடாது, டிரான்சிஸ்டர் கூடாது, கிணற்று மேட்டுக் காற்று கூடாது, எருமைக்குப் பக்கத்தில் போகவே கூடாது.

"எருமை என்னடி பண்ணுச்சு?"

"முட்டுமுங்க."

"பதினோரு வருசமா முட்டாததா?"

"அப்ப உங்களுக்குள்ள கரண்டு இல்லீங்களே!"

பம்புசெட் வைத்துப் பிழைக்கிற ஊர். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும் என்பது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். நாச்சிமுத்துவும் நின்றுவிடுவார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பகலில் நாலுமுறை கரண்ட் போனால் நாலுமுறையும் மடை மாற்றிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியோடு அவர் வாசலுக்கு ஓடிவந்தார்கள்.

"மாமா, இருக்கறீங்களா?"

"இல்லப்பா, போயிட்டேன். பொறவு வா!"

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்கமுடியாதது மாசியில் வந்தது, தம்பி அப்புசாமியின் உருவில்.

அப்புசாமியின் மகள் சாரதாமணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாச்சிமுத்து அந்தப் பக்கத்து அருமைக்காரர். முகூர்த்தக்கால் நடுவதிலிருந்து தாலியை எடுத்துக் கொடுப்பதுவரை ஒரு கல்யாணத்தின் சீர்களையெல்லாம் முன்னின்று நடத்தும் கை அவருடையது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சேர்த்துவைத்த ஜோடிகளை வரிசையாக நிறுத்தினால் திருச்செங்கோட்டு மலையைச் சுற்றி வந்து மிச்சமும் இருக்கும். அப்படிப்பட்டவரிடம் அப்புசாமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"சீர் பண்ணறதுக்கு வேற அருமைக்காரரு, சுப்பையனைச் சொல்லியிருக்கறனுங்கண்ணா."

"ஏன், நான் செத்துட்டனா?"

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க. மாப்பிள்ளை ஊட்டுல மைக் செட்டு, சீரியல் லைட்டெல்லாம் கேக்கறாங்க. கரண்டை நம்பமுடியாதுன்னு நாமக்கல்லுல ஜெனரேட்டர் சொல்லியிருக்குது. மணவறைக்குப் பொறத்தாலதான் நிக்கும். நீங்கதான் பத்தடி தள்ளியிருக்கோணுமில்லீங்க? பந்தலோரமா சேர் போட்டுடறேன். உங்க நல்லதுக்குத்தானுங்கண்ணா."

நாச்சிமுத்துவின் மீசை இரண்டு பக்கமும் ஏறி நின்றது. "ஏன்டா, நான் உன்னோட பொறந்தவன். ஜெனரேட்டரு எந்த ஊட்டுப் பங்காளி? அது மணவறைக்குப் பக்கத்துல, நான் பந்தலோரத்துலயா?"

உள்ளே போய்த் தாளை எடுத்துவந்து தம்பியின் மூக்கில் இடிக்கிறாற்போல நீட்டினார். "படி! சத்தமாப் படி!"

"ஓடும் ஜெனரேட்டருக்கும் நோயாளிக்கும் இடையே பத்தடி..."

"இதுல தள்ளிப்போகவேண்டியது நானுன்னு எங்கடா போட்டிருக்குது?"

அப்புசாமி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். அங்கேயும் போட்டிருக்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். உள்ளே கிடந்தது அப்புறம்தான் வெளியே வந்தது. "பாதிச் சீருல... நீங்க நின்னுபோயிட்டீங்கன்னா? என்ற புள்ள கல்யாணத்துல, என்ற கண்ணு முன்னால..."

"அப்படிச் சொல்லு! இதை மூடிவெக்கத்தான் ஜெனரேட்டரா?" நாச்சிமுத்து கடிகாரத்தைக் கழற்றித் தம்பி கையில் திணித்து, மணிக்கட்டை நீட்டினார். "எண்ணு."

அப்புசாமி உதட்டை அசைத்து அசைத்து எண்ணினான். "எழுவத்திரண்டுங்க."

"மறுக்கா எண்ணு."

"எழுவத்திரண்டேதானுங்க."

"இப்ப உன்றதை எண்ணு."

எண்ணினான். முகம் வெளுத்தது. "நூத்தி எட்டுங்கண்ணா."

"அப்ப பந்தலோரத்துல சேர் ஆருக்குடா போடோணும்?"

முகூர்த்தக்காலை நாச்சிமுத்துதான் நட்டார். நட்ட கையோடு ஜெனரேட்டருக்கு இடம் அளக்கக் கிளம்பினார். அவருடைய பத்தடி மணவறையில் ஆரம்பித்தது, ஆட்டுப்பட்டியைத் தாண்டியது, பருத்திக் காட்டில் ஒரு வரப்பை விழுங்கியது, பங்காளி வீட்டுப் புளியமரத்தடியில்தான் போய் நின்றது. மைக் செட்டுக்காரர் வயர் எட்டாது என்று கத்தினார். எட்டுகிற மாதிரி வயரை வளர்த்துக்கொண்டு வரச்சொன்னார் நாச்சிமுத்து.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை தாலிக்குக் கை நீட்டிய நிமிஷத்தில் கரண்ட் போனது. மைக் அடங்கியது. சீரியல் லைட்டு அணைந்தது. புளியமரத்தடியில் ஜெனரேட்டர் காசநோய்க்காரன்போல் நாலு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. விளக்கு போனதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. பந்தலில் இருந்த அத்தனை தலையும் சொல்லிவைத்தாற்போல் நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பியது.

"என்னைய ஏன் பாக்கறீங்க? பொண்ணைப் பாருங்க!"

புளியமரம்வரை கேட்டது அந்தக் குரல். மைக் எதற்கு? தாலியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். கொட்டு முழங்கியது. முதல் முடிச்சு விழும்போது, பின்னாலிருந்து ஒரு கை தன் இடது மணிக்கட்டைப் பிடித்திருப்பதை உணர்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தனைடா?"

"அழுகையில எண்ணிக்கை தப்பீருச்சுங்கண்ணா."

"மறுக்கா எண்ணு," என்றார் நாச்சிமுத்து, கையை இழுத்துக்கொள்ளாமல்.