போக எழுபத்தைந்து, வர எழுபத்தைந்து

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர். ஆறு வருஷமாக அவள் தினமும் போய் வந்துகொண்டிருந்தாள். டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன் வேலை. சிறுநீரகம் கைவிட்டவர்களை மெஷினோடு இணைத்துவிட்டு, ரத்தம் சுத்தமாகி உடம்புக்குத் திரும்பும் அந்த நாலு மணி நேரமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் நோயாளிகளுக்கு அவள் சிஸ்டர்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அவளும் விட்டுவிட்டாள்.

காலை ஆறரைக்கு முதல் ஆளை மெஷினில் போட வேண்டும் என்பதால், மகள் கண் விழிப்பதற்குள் கிளம்பிவிடுவாள். இரண்டு ஷிப்ட் முடித்து வீடு வந்து சேர்வதற்குள் மகள் வீட்டுப்பாடம் எழுதி, சாப்பிட்டு, மாமியாரின் மடியில் கண் சொருகிக் கிடப்பாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது மகள் அம்மாவைக் காருக்குள் வைத்து வரைந்திருந்தாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

ஆஸ்பத்திரியின் பின்புறம் ஊழியர் குடியிருப்பில் இரண்டு அறை வீடு ஒன்று காலியானது. அவளுடைய முறை. வேண்டுமா, வேண்டாமா என்று பத்து நாளுக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம் இருந்தது. கணவன் கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடுகிறவன். அவனுக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான். கடிதத்தை அவன் இரண்டு தடவை படித்தான். நல்லதுதான், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றான்.

மறுநாள் இரவு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதங்கள் பரவிக் கிடந்தன. மாமனார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, வாம்மா, இப்படி உட்கார் என்றார். குடிநீர் இலாகாவில் முப்பது வருஷம் மீட்டர் பார்த்தவர். எதையும் அளந்து பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். காகிதங்கள் எல்லாம் ஹைப்ரிட் காரைப் பற்றியவை. பெட்ரோல் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து ஓடுமாம், பிரேக் போட்டால் கரண்ட் வருமாம், இருமிக்கொண்டு ஓடும் அந்தப் பழைய காரால்தான் அவளுக்கு இத்தனை அலுப்பாம். மாமியார் அவளுக்குச் சூடாகத் தட்டு வைத்துவிட்டு, கொஞ்சம் சொகுசாப் போய் வரட்டுமே என்றாள்.

குடியிருப்பு வீட்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. போகாதே என்று ஒருவர் சொல்லியிருந்தாலும் அவள் மல்லுக்கு நின்றிருப்பாள். அப்படி யாரும் சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்த பொரியலைத் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார்கள்.

நாலாம் நம்பர் கட்டிலுக்கு வாரம் மூன்று நாள் வருகிறவர் ஒரு டாக்சிக்காரர். சிறுநீரகம் பழுதாகும்வரை எட்டு வருஷம் ஹைப்ரிட் டாக்சிதான் ஓட்டினார். ஊசி ஏற்றும்போது அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டாள்.

“ஊருக்குள்ள, நின்னு நின்னு போற ரோட்டுல அதை அடிச்சுக்க வண்டி கிடையாது. உங்களுக்கு நெடுஞ்சாலை. ஒரே மிதியா மிதிச்சுட்டுப் போவீங்க. அதுல பெருசா என்ன மிச்சமாகப் போகுது?” என்றார். பிறகு, “வண்டி நல்ல வண்டிதான் சிஸ்டர். ஆனா வீட்டுல எதுக்கு இப்ப வாங்கச் சொல்றாங்க?”

போய் வருவதற்குச் சுலபமாக இருக்குமாம் என்றாள்.

“சுலபமாயிட்டா அப்புறம் போய் வந்துக்கிட்டேதானே இருக்கணும்” என்றார் அவர். இரண்டு குழாய்கள் செருகிய கையை அசைக்காமல், மேலே கூரையைப் பார்த்தபடி சொன்னார். அவள் மெஷினில் ஓடும் எண்களைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். அன்று முழுக்க அந்தப் பேச்சு அவளை விடவில்லை.

கடிதத்துக்குப் பதில் கொடுக்க இன்னும் மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, ஓட்டிப் பார்க்கலாம் என்று எல்லோரும் ஷோரூமுக்குக் கிளம்பினார்கள். அவள் ஸ்டியரிங்கில், விற்பனையாளர் பக்கத்தில், பின்னால் மாமனார், மாமியார், நடுவில் மகள். இடமில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று கணவன் ஷோரூம் சோபாவில் சாய்ந்துவிட்டான். இடமில்லாத சமயங்கள் அவனுக்கு எப்போதும் தோதாக வந்து வாய்க்கும்.

கார் கிளம்பியதே தெரியவில்லை. ஏதோ தள்ளிவிட்டது போல நகர்ந்தது. ஆற்றுப் பாலத்தின் நடுவே போனபோது, முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து போக்குவரத்து அப்படியே உறைந்துவிட்டது. இரு பக்கமும் கைப்பிடிச் சுவர். முன்னாலும் பின்னாலும் வண்டிகள். இன்ஜின் தானாகவே அணைந்தது. பாரும்மா, நிற்கும்போது ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லை என்று மாமனார் திரையைக் காட்டிக் குதூகலித்தார். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. யாராவது எச்சில் விழுங்கினால்கூடக் கேட்கும்படியான அமைதி.

நெடுஞ்சாலையில் ஓட்டினால் எவ்வளவு மிச்சமாகும் என்று விற்பனையாளரிடம் கேட்டாள். அவர் பாவம், பொய் சொல்லத் தெரியாதவர். டையைச் சரிசெய்துகொண்டு, நகரத்துக்குள் ஓட்டும் அளவுக்கு மிச்சம் வராது மேடம் என்றார்.

மாமனார் மடியிலிருந்த காகிதங்களை மெதுவாக மடித்தார்.

“தெரியும்மா” என்றார். “கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்.”

“தெரிஞ்சுமா மாமா இதை வாங்கச் சொல்றீங்க?”

அதற்கு மாமியார்தான் பதில் சொன்னாள்.

“காரைப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும். நீ அங்க போனா பாப்பாவும் வந்துடுவா. அதுக்கப்புறம் எனக்கு அந்த வீட்டுல என்ன வேலை இருக்கு, சொல்லு.”

அதில் குற்றம் சுமத்தும் தொனி துளிகூட இல்லை. மகள் பிறந்த மாதமே, யாரும் கேட்காமலே, தையல் பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்து குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டவள் மாமியார். ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று மருமகளுக்குத் தோன்றியது. நெடுஞ்சாலையில் தனியாகப் போகும்போது பேசிப் பேசித் தயாராக வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். மாமியாரின் விரல்கள் மகளின் பின்னலைப் பிரித்துத் திரும்பப் பின்னிக்கொண்டிருந்தன. விற்பனையாளர், தனக்குக் காதே இல்லை என்பது போல ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்து இறங்கிவிடலாம். இறங்கி, பாலத்தின் நடுவில் எங்கே போவது?

முக்கால் மணி நேரம் கழித்து ஷோரூமுக்குத் திரும்பினார்கள். எப்படி இருக்கிறது என்று கணவன் கேட்டான். நல்லா இருக்கு என்றாள். வண்டியைத்தான் சொன்னாள். ஆனால் அதற்குள் எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்துவிட்டது. விற்பனையாளர் நிறங்களின் அட்டையை நீட்டினார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நிறம் உன் இஷ்டம் என்றார் மாமனார், பெரிய மனதோடு. அவள் சாம்பல் நிறத்தின் மேல் விரல் வைத்தாள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி அலுவலகத்தில், வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

கார் வந்தது. குறை சொல்ல முடியாத கார். அதுதான் சங்கடமாகப் போயிற்று. அலுப்பாக இருக்கிறது என்று இனி யாரிடமும் சொல்ல முடியாது. முதுகு வலிக்கிறது என்று ஒருமுறை சொன்னதற்கு மாமனார் கையேட்டை எடுத்துவந்து, அரை மணி நேரம் சீட்டை ஏற்றி இறக்கிச் சரிசெய்து கொடுத்தார். குடியிருப்பு வீடு பரிசோதனைக்கூடத்துப் பெண்ணுக்குப் போனது. அந்தப் பெண் தலைக்குக் குளித்த ஈரத்தோடு, ஆறு இருபத்தைந்துக்கு நடந்தே வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் இடைவேளையில் அவள் அலுவலகத்துக்குப் போனாள். ஓய்வு பெறப்போகும் ஒருவருடைய வீடு அடுத்த வருஷம் காலியாகிறது என்று கேள்விப்பட்டிருந்தாள். வரிசையில் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னாள். இந்த முறை வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை, கணவனிடம்கூட.

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டியபடி நிமிர்ந்தார்.

“போன தடவை வேணாம்னு எழுதிக் கொடுத்தீங்களே. இப்பத்தான் புது கார் வேற வாங்கியிருக்கீங்க.”

“ஆமா, இருக்கு” என்றாள். “நீங்க பேரை எழுதுங்க.”