மணல் மேல் பதினோரு கூடுகள்

ஏழாவது கூடும் காலியாகத்தான் இருந்தது.

மயிலம்மாள் குந்தி உட்கார்ந்து அந்தச் சிறு குழியைப் பார்த்தாள். நேற்று இதில் மணல் நிறத்தில், கரும்புள்ளி தெளித்த இரண்டு முட்டைகள் இருந்தன. அளந்து நோட்டில் எழுதியிருக்கிறாள். தலைக்கு மேலே சின்ன ஆலாக்கள் வீறிட்டபடி சுற்றின. கடலோரத்தில் திரியும் பறவை. கோடையில் கொள்ளிடம் வற்றியதும் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே இந்த மணல்திட்டுக்கு முட்டையிட வரும். சுள்ளி வைத்துக் கட்டாது. மணலைக் கொஞ்சம் பறித்து இட்டுவிடும். வெயில் ஏறினால் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அப்படி மூன்று வாரம் காத்தால்தான் குஞ்சு.

போன வருஷம் முப்பது கூடுகள். இந்த ஐம்பத்தொன்பதாம் வருஷக் கோடையில் பதினொன்று. ஏன் குறைகிறது என்று தெரிந்தாக வேண்டும் மயிலம்மாளுக்கு. திருச்சியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். லீவுக்குச் சொந்த ஊரான துறையூருக்குப் போகாமல், தினமும் முதல் பஸ்ஸில் இங்கே வந்து இறங்கினாள். தான் வருவதால்தான் இவை பிழைக்கும் என்ற நினைப்பு உள்ளே எங்கோ இனித்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

திட்டின் ஓரத்தில் வெள்ளரி போட்டிருந்த வீராயி குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள். அவளுக்கும் இவள் வயதுதான் இருக்கும்.

“வீராயி, நிஜத்தைச் சொல்லு. முட்டையை யாரு எடுக்கறது?”

“நான்தான் வறுத்துத் தின்னுட்டேன்னு எழுதிக்குங்க டீச்சரம்மா. எங்க வீட்டுல எட்டுக் கோழி நிக்குது. இந்தக் கோலிக்குண்டு யாரு வயித்துக்குக் காணும்?”

“உன் நாய்?”

“அதைக் கட்டிப் போட்டிருக்கேன். காலடி இருக்கான்னு பாருங்களேன். அதுக்குத்தானே படிச்சிருக்கீங்க.”

பார்த்தாள். ஈரம் காயாத மணலில் நாயின் தடம் இல்லை. மயிலம்மாளின் செருப்புத் தடம்தான் ஒவ்வொரு கூட்டுக்கும் நேராகப் போய், நின்று, திரும்பியிருந்தது. குழியைச் சுற்றிப் பறவைக் கால்கள். பின்விரல் நீளமாகப் பதிந்திருந்தது. ஆலாவுக்குப் பின்விரல் அப்படிப் பதியாது.

காக்கை.

“என் கொடிக்குப் பக்கத்துல ரெண்டு கூடு இருக்கு. அதுல ஒண்ணும் போகலையே” என்றாள் வீராயி.

“அங்கேயுமா? நான் பார்க்கவே இல்லையே!”

“வாங்க, காட்டுறேன்.”

மயிலம்மாள் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டடி வைத்ததும் எதிர்க்கரை கண்ணில் பட்டது. படித்துறையில் மொட்டையடித்த ஒருவர் குந்தி உட்கார்ந்து, பிண்டத்தை மணலில் வைத்து, எழுந்து தள்ளி நின்று கூப்பிட்டார். காக்கைகள் இறங்கின. எல்லாம் இறங்கவில்லை. ஏழெட்டு, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தபடி திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

குந்துகிறவர்கள் எழுந்து போனால் அங்கே தின்ன எதுவோ இருக்கும். தலைமுறை தலைமுறையாக இந்தக் கரையில் அவற்றுக்கு அது தெரியும். தினமும் பதினோரு இடத்தில் அவள் குந்தினாள், எழுந்து போனாள்.

போன வருஷமும் வந்தது அவள்தான். அதற்கு முந்தின வருஷமும்.

“என்னங்க, நின்னுட்டீங்க? அந்தா, அந்த—”

“கையைக் காட்டாதே!” மயிலம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எந்த இடம்னு எங்கிட்டச் சொல்லாதே. நீ பாட்டுக்குத் தண்ணி ஊத்து.”

“நல்ல கூத்து” என்று முணுமுணுத்துக்கொண்டே வீராயி போனாள்.

சுவரிலிருந்து முதல் காக்கை கிளம்பியது. அவசரமில்லாமல் வந்து, மீதி நாலு கூடுகளில் ஒன்றின் அருகே இறங்கி நடந்தது. நேற்று அவள் குந்திய இடம். பின்னாலேயே இன்னும் மூன்று இறங்கின. ஓடிப்போய் விரட்ட அவள் கால்கள் துடித்தன. ஓடினால் ஆலாக்கள் எல்லாமே எழும்பிவிடும். வெள்ளரிக் கொடிப் பக்கமிருந்தும் இரண்டு எழும்பும். எங்கிருந்து என்று சுவரில் இருப்பவை பார்த்துவிடும்.

ஆலாக்களின் வீறிடல் ஓயவில்லை. மயிலம்மாள் அசையவில்லை. கொடிப் பக்கம் கண் போய்விடாமல் இருக்க, கழுத்தை இறுக்கிக்கொண்டு, காக்கைகள் தின்பதையே பார்த்து நின்றாள்.