யாரும் சிரிக்காத ராஜினாமா

எங்கள் நதிக்கரை மக்கள் கட்சியின் துணைத்தலைவர் செமு ஜூஃப் முதன்முறையாக ராஜினாமா செய்தபோது, பொருளாளர் சிரித்த சிரிப்பில் அவருடைய கால்சட்டைப் பொத்தான் தெறித்துப்போய் எதிர்ச்சுவரில் இருந்த கவர்னர் படத்தின் கண்ணாடியை உடைத்தது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம். அந்தக் கண்ணாடியைக் கூட்டி அள்ளியவன் நான். கட்சியின் ஒலிபெருக்கி வேன் என் பொறுப்பில் இருந்தது. அதனால் கட்சியில் என்ன உடைந்தாலும் அதை அள்ளுவதும் என் பொறுப்பாகவே இருந்தது.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்த வருடம் அது. எங்கள் தலைநகரான பாதர்ஸ்டில் இரண்டு பேர் சேர்ந்து தேநீர் குடித்தால் ஒரு கட்சி, மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்தால் கட்சியில் பிளவு. எங்கள் கட்சிக்குத் தலைவர் அல்ஹாஜி யேரோ சோவே. மாடு மேய்க்கும் ஃபூலா இனம். உருண்டையான மனிதர். அவர் சிரிக்க ஆரம்பித்தால் ஆற்றுக்கு அக்கரையில் பாரா ஊரில் நாய்கள் எழுந்து குரைக்கும். துணைத்தலைவர் செமு செரர் இனம். ஈட்டி போல உயரம், ஈட்டி போலவே முகம். கட்சிக்கு மேல்நதியிலிருந்து கடல்வரை கிளை வைத்தது அவர். நடந்து, சைக்கிளில், தோணியில், ஒருமுறை மாட்டின் மீதேறிக்கூடப் போய் வைத்தார். அல்ஹாஜி மேடையில் பேசுவதையெல்லாம் முந்தின நாள் எழுதிக்கொடுத்ததும் அவர்தான். அல்ஹாஜி செய்தது இரண்டே வேலை: தலைமை தாங்குவது, சிரிப்பது.

ஃபூலாவும் செரரும் எங்கள் ஊரில் கேலிமுறை. ஒரு ஃபூலா ஒரு செரரைப் பார்த்தால் ‘என் அடிமை’ என்றுதான் கூப்பிடவேண்டும். செரரும் அதையே திருப்பிச் சொல்லவேண்டும். மாட்டுத்திருடன், சோற்றுப்பானை, புளித்த பால், கள்ளுக்குடுவை என்று என்ன வேண்டுமானாலும் திட்டலாம், சாவு வீட்டில்கூட. கோபப்பட மட்டும் கூடாது. கோபப்பட்டவன் கூடியிருப்பவர்கள் மெல்ல, அபராதமாகக் கோலாக்கொட்டை வாங்கி வைக்கவேண்டும். நான் ஊலோஃப் இனம் என்பதால் இந்தக் கேலியில் எனக்குப் பங்கில்லை, வேடிக்கை பார்க்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணடித்ததில்லை.

செமுவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. சொந்த ஊரான பாராவின் தொகுதியில் நின்று சட்டசபைக்குப் போகவேண்டும். “பாரா உனக்குத்தாண்டா அடிமை, அந்த மீன் நாத்தத்துல வேற எவன் நிப்பான்?” என்று அல்ஹாஜி ஊரறிய வாக்குக் கொடுத்திருந்தார். கடைசி நேரத்தில் பாராவைத் தன் மச்சான் பூபா கண்டேவுக்குக் கொடுத்துவிட்டார். பூபா கடலை வியாபாரி. பாராவில் நில் என்றால் படகுத்துறையில் போய் நின்றிருப்பார், அவ்வளவு ஞானம்.

செயற்குழுவில் செமு எழுந்தார்.

“அல்ஹாஜி, நீ நம்பிக்கைத் துரோகி. சொன்ன சொல்லை மாட்டுச் சாணியில மிதிச்சுட்டே. நான் ராஜினாமா பண்றேன்.”

“இவனுக்கு யாருய்யா காலையில சோறு வைக்காம அனுப்பினது?” என்றார் அல்ஹாஜி.

அப்போதுதான் பொத்தான் தெறித்தது.

“நான் நிஜமாத்தான் சொல்றேன்!”

“கோபம் வந்துடுச்சு பாருங்க! அடிமைக்குக் கோபம்! கோலா வை, கோலா வை!”

அறையே மேசையைத் தட்டியது. செமு அன்று ஒரு கூடைக் கோலாக்கொட்டை வாங்கி வைத்துவிட்டுத் துணைத்தலைவராகவே வீட்டுக்குப் போனார்.

அறைக்குள் சொன்னதால்தான் எடுபடவில்லை என்று நினைத்து, அடுத்த வாரம் சந்தைத் திடலில் பொதுக்கூட்டத்தில் சொன்னார். என்னுடைய ஒலிபெருக்கியில்தான். அப்படி ஒரு பேச்சை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அல்ஹாஜி செய்த துரோகம் ஒவ்வொன்றையும் நாள், இடம், சாட்சியோடு அடுக்கினார். கூட்டம் புழுதியில் விழுந்து புரண்டது. ஒரு ஃபூலா அம்மாள் சிரிப்பு தாங்காமல் பக்கத்தில் இருந்த போலீஸ்காரரின் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இன்னும் ரெண்டு குடுங்க துணைத்தலைவரே!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. செமு மனம் நொந்து அழுதேவிட்டார். அழுததற்குத்தான் அன்றைக்கு அதிகமான கைதட்டல்.

அதன்பிறகு எல்லா ஊரிலிருந்தும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அல்ஹாஜி நிகழ்ச்சிநிரலிலேயே சேர்த்துவிட்டார்: முதலில் மேளம், பிறகு துணைத்தலைவரின் ராஜினாமா, பிறகு தலைவர் உரை. செமு பேச மறுத்து மேடையில் மௌனமாக உட்கார்ந்திருந்தாலும் சிரித்தார்கள். எழுந்து போனாலும் சிரித்தார்கள். ஃபராஃபென்னி ஊரில் தும்மினார்; அதற்கும் சிரித்தார்கள்.

ஒருநாள் அவர் வீட்டு முற்றத்தில் இருந்தேன். மனைவி சிகா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“சிகா, உனக்காவது புரியுதா? நான் நிஜமாத்தான் சொல்றேன்.”

“அதைத்தானே மேடையிலயும் சொன்னீங்க,” என்றார் சிகா. “அந்த எடத்துலதான் நானும் சிரிச்சேன்.”

செமு வானத்தைப் பார்த்தார். ஒரு பருந்து பறந்துபோனது. அதுவும் சிரித்திருக்கும் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

வேட்புமனு நாள் நெருங்கிவிட்டது. தனியாக நிற்பதென்றால் முதலில் அவர் கட்சியை விட்டு விலகியதை ஊர் நம்பவேண்டும். நம்பாவிட்டால், அவர் நிற்பதும் கட்சியின் ஒரு கூத்து என்றுதான் சொல்வார்கள்.

மனு கொடுக்கப் பாராவுக்குப் படகில் போனோம். அங்கே கட்சிக்கும் அன்றைக்குக் கூட்டம். வேன் படகின் நடுவில் நின்றது. பக்கத்தில் மாடுகளோடு நின்ற ஒரு ஃபூலா மேய்ப்பர் செமுவைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

“அடேய் என் அடிமை! ஒன்னை இங்க ஏத்துனா மாட்டுக்குத் தவிடு மிஞ்சுமா?”

செமு ஏதோ யோசனையில் இருந்தார். திரும்பி, முன்பின் தெரியாதவருக்குச் சொல்வதுபோல், “உங்களுக்குச் சமாதானம் உண்டாகட்டும். வீட்டுல எல்லாரும் நலமா இருக்காங்களா? மாடு கன்னு சுகந்தானுங்களா?” என்றார்.

மேய்ப்பரின் முகம் வெளுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் பின்னால் நின்ற மாட்டின் முகமும் வெளுத்தது.

“என்ன ஆச்சு? யாராவது செத்துட்டாங்களா? நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?” என்று கேட்டு, கையைப் பிசைந்து, மறுகரை வரும்வரை எங்களிடமிருந்து தள்ளியே நின்றார்.

செமு என் தோளைப் பிடித்தார். வாரக்கணக்கில் அணைந்துகிடந்த கண்களில் விளக்கு எரிந்தது.

“மலிக், பாத்தியாடா?”

“பாத்தேன் அண்ணே.”

“இத்தனை நாளும் நான் தப்பான கதவைத் தட்டிக்கிட்டிருந்திருக்கேன்.”

பாராத் துறைமுகத் திடலில் கூட்டம். செரர் மீனவர்கள் ஒரு பக்கம், உள்பக்கத்து ஊர்களின் ஃபூலாக்கள் ஒரு பக்கம். அல்ஹாஜி நடுவில், பூபா கண்டே அவர் பக்கத்தில். மேளம் ஓய்ந்தது. “அடுத்து நம்ம அடிமை ராஜினாமா பண்ணுவான்!” என்று அல்ஹாஜி அறிவித்ததுமே பாதிப்பேர் சிரித்து முடித்துவிட்டார்கள்.

செமு ஏறினார். தொப்பியைக் கழற்றினார். அல்ஹாஜியின் முன் குனிந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்தார்.

“மதிப்புக்குரிய அல்ஹாஜி அவர்களே, நீங்க நலமா? உங்க வீட்டம்மா நலமா? பிள்ளைங்க நலமா? இத்தனை வருஷம் உங்களோட வேலை செய்யக் குடுத்துவச்சதுக்கு ரொம்ப நன்றிங்க.”

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

“டேய்,” என்றார் அல்ஹாஜி. “என்னடா இது? திட்டுடா.”

“உங்களைத் திட்ட நான் யாருங்க?”

“மாட்டுத்திருடன்னு சொல்லு. புளிச்சபால்னு சொல்லு. கழுதை, ஏதாவது சொல்லித் தொலைடா!”

“நீங்க பெரியவங்க. அப்படியெல்லாம் சொல்லக்கூடாதுங்க.”

அல்ஹாஜியின் கன்னச் சதை தொங்கிப்போனது. அந்த மனிதர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை; சிரிக்காதபோது அவர் முகம் யாரோ அந்நியர் முகம் போல இருந்தது.

“விளையாடாதடா செமு.” பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அடிமை என்று சொல்ல வாய் வரவில்லை.

“நான் விளையாடலைங்க அல்ஹாஜி. கட்சியிலேர்ந்து விலகிக்கிறேன். பாராவுல தனியா நிக்கிறேன். உங்களுக்கு ஆண்டவன் நீண்ட ஆயுசு குடுக்கட்டும்.”

கழுத்திலிருந்த கட்சித் துண்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார். கூட்டம் வழி விட்டது, பிணத்துக்கு விடுவதுபோல. நான் வேன் சாவியை மேளக்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன். ஒரு நல்ல கூத்தை நடுவில் விட்டுவிட்டு எப்படி இருப்பது?

செமு வென்றுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அவரும் நினைத்தார். சின்னமாகத் தோணிப்படம் கிடைத்தது. நான் சைக்கிள் மிதிக்க, அவர் பின்னால் உட்கார, பாராத் தொகுதி முழுக்க வீடு வீடாகப் போனோம்.

எந்த வீட்டிலும் யாரும் கேலி செய்யவில்லை. நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். “வாங்க ஐயா, உக்காருங்க ஐயா, போய்ட்டு வாங்க ஐயா” என்றார்கள். ஃபூலாக்கள் மட்டுமல்ல, சொந்த செரர் சனமே அப்படிச் செய்தது. பால்குடிக் குழந்தைகூட அவரைக் கண்டால் நிமிர்ந்து உட்கார்ந்தது. செமு தன் திட்டங்களை விளக்குவார்: படகுத்துறை, மருத்துவமனை, கிணறு. எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். நாங்கள் வெளியே வந்ததும் கதவைச் சாத்துவார்கள்.

மீனைப் புகையில் வாட்டும் பெண்களின் தலைவி ஞிலானிடம் செமு நேராகவே கேட்டுவிட்டார்.

“நான் உங்க ஊர்ப்பிள்ளை இல்லியா? எனக்குப் போட என்ன தயக்கம்?”

ஞிலான் புகையில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லவங்கதான் ஐயா நீங்க. ஆனா கேலியை வேணாம்னு தள்ளினவர். நாளைக்குக் கிணறு தூந்து போச்சுன்னு வந்து நாங்க யாரைத் திட்டுறது? உங்களைத் திட்ட முடியாதே.”

“என்னைத் திட்டலாம் ஞிலான்! தாராளமாத் திட்டலாம்!”

“ஐயோ, வேணாங்க ஐயா,” என்று அவர் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வாக்குப்பதிவு வந்தது. எங்கள் ஊரில் வாக்குச்சீட்டு கிடையாது. வேட்பாளரின் சின்னம் ஒட்டிய டிரம்மில் கோலிக்குண்டு போடுவோம். உள்ளே விழுந்ததும் மணி அடிக்கும். அந்த மணியோடு குழம்பிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சைக்கிள்களுக்குத் தடை. என் சைக்கிளை ஒரு போலீஸ்காரர் கைது செய்துகொண்டு போனார். செமுவும் நானும் ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்தோம். உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லா டிரம்மிலும் ஒரே மாதிரி மணி. ஒவ்வொன்றுக்கும் செமு நிமிர்ந்தார்.

“இது நம்மளுது மாதிரி இருக்கே?”

“நம்மளுதேதான் அண்ணே.” நான் எல்லாவற்றுக்கும் அப்படியே சொன்னேன்.

ஜெயித்தது செமு இல்லை. பூபா கண்டேயும் இல்லை. கட்சிக்காரர்கள் யாருக்குப் போடுவதென்று குழம்பி ஆளுக்கொரு பக்கம் போட, ஒரு கூட்டம்கூடப் போடாத, ஒரு சுவரொட்டிகூட ஒட்டாத ஒரு தையல்காரர் சட்டசபைக்குப் போனார். அவர் முகத்தை ஊர் முதன்முதலில் பார்த்தது வெற்றி ஊர்வலத்தில்தான். ஜெயித்த ஆள் யார் என்று அவரே தேடிக்கொண்டு வந்தது போல இருந்தது.

சில நாட்கள் கழித்து, நானும் இருந்தபோது, பாதர்ஸ்டில் செமு வீட்டுக்கு அல்ஹாஜி வந்தார். கஞ்சி போட்ட வெள்ளை அங்கி, கையில் ஒரு சுரைக்குடுவை தயிர். வாசலிலேயே நின்றுகொண்டார்.

“மதிப்புக்குரிய செமு ஜூஃப் அவர்களே, உள்ளே வரலாமுங்களா?”

செமு திடுக்கிட்டார். “வாங்க,” என்றார்.

சிகா தேநீர் போட்டார். எங்கள் தேநீர் மூன்று சுற்று; அவசரப்பட்டால் ஆகாது. முதல் சுற்றில் அல்ஹாஜி வீட்டிலுள்ள எல்லோரையும் நலம் விசாரித்தார். இரண்டாவதில் கோழிகளையும் ஆட்டையும் விசாரித்தார். கூரை நலமா என்றுகூடக் கேட்டார். முகத்தில் ஒரு துளிச் சிரிப்பில்லை. செமு நெளிந்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். தான் கொடுத்த மருந்தின் கசப்பு எப்படி இருக்கும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது சுற்றில் அல்ஹாஜி தொண்டையைச் செருமினார்.

“உங்களைப் போல ஒரு மேதை தோத்துப்போனது, ஐயா, இந்த நாட்டுக்கே பெரிய இழப்பு. யார் செஞ்ச பாவமோ...”

செமு குவளையை வீசினார். அது சுவரைத் தாண்டித் தெருவில் விழுந்தது.

“யார் செஞ்ச பாவமா? நீ செஞ்ச பாவம்டா! மாட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டு ஊருக்குள்ள வந்த புளிச்சபாலு! உன் மச்சானை நிறுத்தி என் வாழ்க்கையையே கெடுத்துட்டு, என் வீட்டுக்கே வந்து என் தேத்தண்ணியைக் குடிக்கிறியாடா, அடிமைப்பயலே!”

அல்ஹாஜி குலுங்கினார். முதலில் வயிறு, பிறகு தோள், பிறகு அந்தச் சிரிப்பு. ஆற்றுக்கு அக்கரையில் நாய்கள் குரைத்தன. எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“அடிமைன்னுட்டான்! கோபம் வேற வந்துடுச்சு! கோலா வைடா சோத்துப்பானை!”

சிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சுவருக்கு வெளியே தெரு முழுக்கச் சிரித்தது. குவளையை எடுத்துக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஃபூலா, “இப்பத்தான்டா மனுசனா ஆனே, அடிமை!” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“நான் நிஜமாத்தான்டா சொல்றேன்!” என்று செமு கத்தினார். “ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்!”

“தெரியும்டா,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அல்ஹாஜி. மடியிலிருந்து மடித்த கட்சித் துண்டை எடுத்து நாற்காலி மீது வைத்தார். “வெள்ளிக்கிழமை செயற்குழு. ஏன் தோத்தோம்னு துணைத்தலைவர் அறிக்கை படிக்கணும். எனக்கும் சேத்து நீயே எழுதிடு.”

வெள்ளிக்கிழமை நானும் கட்சி வேலைக்குத் திரும்பி அலுவலகக் கதவைத் திறந்தபோது, வாசலில் செமு காத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் துண்டு, ஒரு கையில் அறிக்கை, இன்னொரு கையில் கோலாக்கொட்டைக் கூடை. எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் எழுந்து, அறிக்கையைப் பிரிப்பதற்கு முன்னால், ராஜினாமா செய்தார்.

பொருளாளர் இந்தமுறை முன்னெச்சரிக்கையாக இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.