மிரேயா அனுப்பிய குளிர்

மிரேயா தன் கணவருக்கு அனுப்பிய கடைசிக் குரல் பதிவு, அடுப்பில் இருந்த சிவப்பு பீன்ஸைப் பற்றியது. ஒரு ஜனவரி மாதத் திங்கட்கிழமைக் காலை. மலைமேல் கொன்ஸ்தான்சாவில், அக்கா எல்பாவின் வீட்டு முற்றத்தில், ஊருக்கு இறங்கும் வேனுக்காக நின்றபடி அதைப் பேசினாள். "கெழவா, எந்திரிச்சியா? பீன்ஸ் கொதி வந்ததும் தீயைக் கொறைச்சுடு, இல்லன்னா போன வாரம் மாதிரி அடி பிடிச்சிடும். இங்க குளிரு தாங்கல. புல்லு மேல பூரா உறைபனி. நீ எங்க நம்பப் போற, நீதான் எல்லாத்தையும் புஸ்தகத்துல பாத்தவனாச்சே. சரி, வேன் வந்துடுச்சு." கீழே, கடலோரத்துப் புன்ட்டா சோர்தாவில், ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் ஃபெர்மின் குவேயோ எழுந்து போய்த் தீயைக் குறைத்தார். பிறகு, அது உறைபனியாக இருக்க முடியாது, அந்த உயரத்தில் அது வெறும் பனித்துளிதான் என்று விளக்கமாக ஒரு பதில் பேசி அனுப்பினார். மலையிறங்கிய வேன் ஒரு வளைவில் திரும்பவில்லை. அவருடைய பதிலின் ஓரத்தில் இருந்த ஒற்றைச் சாம்பல் குறி, யாரும் கேட்கவில்லை என்பதற்கான குறி, அப்படியே நின்றுவிட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, செல்பேசிகளுக்குப் புதுப்பிப்பு வந்த ஞாயிற்றுக்கிழமை, சாகோவின் மளிகைக் கடையில் முட்டைத் தட்டுகளின் மேல் பனி பெய்தது. ஃபெர்மினுக்குப் பக்கத்து வீட்டுச் சுனில்தா, நியூயார்க்கில் இருக்கும் மகன் வில்கின் அனுப்பிய குரல் பதிவை வழக்கம்போலக் கடை முழுக்கக் கேட்கும்படி ஓடவிட்டிருந்தாள். அவன் வேலைக்குப் போகும் வழியில் பேசியது. 'அம்மா, ஆசி கொடு' என்று அவன் தொடங்கியதுமே, தொங்கிக்கொண்டிருந்த சலாமி இறைச்சிக் குழல்களுக்குக் கீழே, செல்பேசிக்கு ஒரு முழம் மேலிருந்து, பஞ்சு பஞ்சாக இறங்கியது. பேச்சு முடிந்ததும் நின்றது. சாகோ அதை அரிசி அள்ளும் தட்டால் வழித்து பீரைக் குளிர வைக்கும் பெட்டிக்குள் கொட்டினான், ஏனென்றால் விடிந்ததிலிருந்து கரன்ட் இல்லை, இன்வெர்ட்டரும் தீர்ந்துபோயிருந்தது. "அக்கா, பையனை இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துப் பேசச் சொல்லு," என்றான். "அடுத்த பெட்டியும் சூடாக் கெடக்கு."

அன்று மாலைக்குள் ஊர் விஷயத்தைப் புரிந்துகொண்டது. புதுப்பித்த செல்பேசியில் எந்தக் குரல் பதிவைக் கேட்டாலும், அது பேசப்பட்ட இடத்தின், பேசப்பட்ட நேரத்தின் வானிலை கூடவே வந்தது. குரல் இருக்கும்வரை இருந்து, குரலோடு போனது. பழைய பதிவுகளுக்கும் அப்படித்தான். ஆனால் முதல் சில நாட்கள் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பேச வேறு குறைகள் இருந்தன. கடிகார எண்கள் கொழுத்துப் போயிருந்தன, எழுத்துகள் மெலிந்து போயிருந்தன. இடது மூலையில் இருந்த பச்சைத் தொலைபேசிப் படம் வலது மூலைக்குப் போய்விட்டதால், அக்காளை அழைக்கப் போனவர்கள் கேமராவைத் திறந்து தங்கள் மூக்கையே பார்த்தார்கள். ரொட்டிக் கடைக்காரருக்கு அலாரம் எங்கே என்று தெரியாமல் ஊருக்கு ஒரு வாரம் ரொட்டி தாமதமாக வந்தது. பேட்டரி இரவுச் சாப்பாடுவரை தாங்கவில்லை. செல்பேசி நிறுவனத்துக்குச் சாகோ போன் போட்டு பேட்டரியையும், பிறகு போகிற போக்கில் பனியையும் சொன்னபோது, அந்தப் பக்கத்துப் பெண் இரண்டுக்கும் ஒரே பதிலாக, அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள்.

அதன் பிறகுதான் கட்சி பிரிந்தது. பாதாம் மரத்தடியில் டோமினோக் கட்டை ஆடும் மேசை இரண்டானது. புதுப்பித்தவர்கள் நிழலில் இருந்தார்கள். புதுப்பிக்காதவர்கள், கௌரவத்துக்காக, வெயிலில். தலைநகரில் கிடங்கு வேலையில் இருப்பதாகச் சொல்லி தானிலோ மனைவிக்கு அனுப்பிய பதிவிலிருந்து, போகா சிக்கா கடற்கரையின் காற்றும் ஒரு கை மணலும் படுக்கையில் விழுந்தன. அவள் மணலைக் கூட்டி ஜாடியில் போட்டு, அவன் வந்ததும் உப்பு வைக்கும் இடத்தில் வைத்துச் சாப்பாடு பரிமாறினாள். தானிலோ வெயில் மேசைக்குப் போனான். மீனவர்களின் மனைவிகள் நிழல் மேசையின் பக்கம் சேர்ந்தார்கள், ஏனென்றால் கடலுக்குள் மழை தொடங்கியதா என்று இப்போது சமையலறையிலேயே தெரிந்தது. பாதிரியார், பேராயரின் பதிவு பலிபீடத் துணியை நனைத்துவிட்டதைச் சொல்லி, கோயிலுக்குள் குரல் பதிவு கூடாது என்று தடை போட்டார். அடுத்த மாதத்து வெக்கையில் அவரே அந்தத் தடையை நீக்கிவிட்டார்.

ஃபெர்மின் வெயில் மேசையில் உட்கார்ந்திருந்தார். நான்கு ஆண்டுகளாக, வந்த ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் அவருடைய செல்பேசி நச்சரித்துக்கொண்டே இருந்தது. அவர் 'பிறகு' என்பதை அழுத்திக்கொண்டே இருந்தார். புதுப்பித்தபோது சுனில்தாவின் படங்கள் பாதி காணாமல் போனதை ஊரே பார்த்திருந்தது. மிரேயாவின் குரல் அந்தக் கருவியைத் தவிர வேறு எங்கும் இல்லை. அவள் அனுப்பிய மற்றதையெல்லாம், இடம் போதவில்லை என்று கருவி சொல்லச் சொல்ல, அவரே ஒவ்வொன்றாக அழித்திருந்தார், அப்போது அவள் அடுத்த அறையில் இருந்ததால். மிஞ்சியது பீன்ஸ் மட்டும்தான். இப்போதோ, மாதக் கடைசிக்குப் பிறகு புதுப்பிக்காத கருவிகளில் செய்திகள் திறக்காது என்று அறிவிப்பு வந்திருந்தது. புதுப்பித்தால் குரல் போனாலும் போகலாம். புதுப்பிக்காவிட்டால் போயே விடும். அவர் இரண்டையும் செய்யாமல் டோமினோ ஆடினார்.

"என்ன வாத்தி, பயமா?" என்றார் நெரேயோ. முப்பது வருடம் அவருக்கு எதிரில் உட்கார்ந்து தோற்றவர். புதுப்பித்துவிட்ட பிறகும் பழக்கத்தால் வெயில் மேசைக்கே வந்துகொண்டிருந்தார். "உலக வரைபடத்துல இருக்கற மழையெல்லாம் பாடம் எடுத்த. ரெண்டு சொட்டு மேல விழுந்தா கரைஞ்சிடுவியா?"

"கட்டையைப் போடு, நெரேயோ. உன் முறை."

"போடறேன். நீயும் அந்தப் பட்டனைப் போடு."

அந்த வாரம் ஃபெர்மின் தெருவின் மின்மாற்றி வெடித்தது. புன்ட்டா சோர்தாவில் கரன்ட் இல்லாத வீட்டுக்காரர்கள் சாகோ கடையின் இன்வெர்ட்டரில் செல்பேசியைச் சொருகி வைப்பது வழக்கம். அரிசி மூட்டைகளுக்கு மேலே அதற்கென்று ஒரு நீளப் பலகை இருந்தது. அந்தப் பலகைக்கு ஒரு மரியாதையும் உண்டு. கடந்து போகிறவர் கண்ணில் யாருடைய செல்பேசியாவது ஏதோ அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பது பட்டால், உரியவர் வரும்வரை அதைக் காக்க வைக்காமல் 'சரி' என்று அழுத்திவிட்டுப் போவார். கொதிக்கும் பக்கத்து வீட்டுப் பானையின் மூடியை நகர்த்தி வைப்பது போலத்தான். இப்படியே அந்த ஊரில் பலர் தங்களுக்கே தெரியாமல் பல விஷயங்களுக்குச் சம்மதித்திருந்தார்கள்; தையற்காரர் ஒருவரின் செல்பேசி போர்த்துக்கீசிய மொழிக்கு மாறி, அவரும் அதிலேயே இருந்துவிட்டார்.

ஃபெர்மின் தன் செல்பேசியைச் சொருகி, தொடாதே என்று சாகோவிடம் சொல்லிவிட்டு, காபி குடிக்கப் போனார். சாகோ உப்பிட்ட மீனை எடை போட உள்ளே போனான். அவர் திரும்பி வந்தபோது திரை கறுத்து, நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. பலகையின் முன்னால் சுனில்தா, நல்ல காரியம் செய்த முகத்தோடு நின்றிருந்தாள்.

"யார் அழுத்துனது?"

"நான்தான் வாத்தியாரே. பாவம், அது கேட்டுக்கிட்டே நின்னுச்சு."

ஃபெர்மின் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஊருக்கு அவர் குரல் உயர்ந்து பழக்கமில்லை; அன்றும் உயரவில்லை. "அதுல மிரேயா இருக்கா, சுனில்தா," என்று மட்டும் சொன்னார்.

அவள் கை வாய்க்குப் போனது. "மழை வர்ற மாதிரி இருந்தா உங்க துணியை எடுத்து வைப்பேன்ல, அந்த மாதிரி நெனச்சுட்டேன்," என்றாள், யாருக்கும் கேட்காமல். கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பலகையின் முன்னால் வந்து நின்றார்கள். கோடு நகர்ந்தது. பாதியில் இன்வெர்ட்டர் ஒரு முறை விக்கியது. சாகோ சத்தமில்லாமல் போய் பீர் பெட்டி, மின்விசிறி, இசைப்பெட்டி எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டான். அந்தக் கடையில் இசை நின்றது அதுவரை புனித வெள்ளியில் மட்டும்தான். வெயில் மேசையும் நிழல் மேசையும் எழுந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டன. நெரேயோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

திரை விழித்தபோது எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. ஃபெர்மினின் விரல் பழைய மூலைக்கே போய்ப் போய்த் தன் மூக்கையே பார்த்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பச்சைப் படம் வலப்பக்கம் என்று எல்லோருக்கும் இப்போது தெரிந்திருந்தது. கடைசியில் அவள் பெயர் கிடைத்தது, அதற்குள் பீன்ஸ் பதிவின் அந்தச் சின்ன அலைக்கோடு, அதற்குக் கீழே சாம்பல் குறியோடு அவருடைய பதில். இருந்தது. யாரும் கைதட்டவில்லை. சாகோ பீர் பெட்டியைத் திரும்பச் சொருகினான்.

அதை அங்கே கேட்க அவருக்கு மனமில்லை. வீட்டுக்கு நடந்தார். ஊர் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் வந்தது. என்ன வரும் என்று தெரியாததால் சுனில்தா ஒரு துண்டும் சாகோ கடைவாசல் குடையும் கொண்டுவந்தார்கள். வெளிச்சுவர்வரை வந்து அங்கேயே நின்றார்கள். நடுப்பகல். தகரக் கூரை வெயிலில் டிக் டிக் என்று வெடித்துக்கொண்டிருந்தது. இரவே ஊறப்போட்டு, கிளம்பும்போது சிறு தீயில் வைத்துவிட்டுப் போன பீன்ஸ் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது, திங்கட்கிழமைகளில் அவர் வேறு எதுவும் சமைப்பதில்லை. செல்பேசியை மேசைமேல் வைத்து அழுத்தினார்.

'கெழவா, எந்திரிச்சியா' என்றாள் மிரேயா, சமையலறையில் குளிர் இறங்கியது. காற்று இல்லை, மழை இல்லை. கண்ணாடி போலத் தெளிந்த, அசையாத குளிர். ஃபெர்மினின் மூச்சு புகையாக வந்தது. கதவின் பின்னால் தொங்கிய மிரேயாவின் மேலங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், யோசிக்காமல். 'புல்லு மேல பூரா' என்று அவள் சொல்லும்போது மேசைவிரிப்பு விளிம்பிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர்க் குவளை வெளுத்தது. அவர் புருவ முடிகள் வெளுத்தன. அவர் கண்ணாடியை மூக்கில் சரியாக வைத்து, மேசைவிரிப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். துளி இல்லை. ஊசி ஊசியாக, முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியது போலவே, படிகம். 'சரி, வேன் வந்துடுச்சு' என்றாள். வெயில் திரும்பியது. விரிப்பு ஈரமாக இருந்தது.

ஜன்னலில் சுனில்தாவின் முகம் முதலில் வந்தது, துண்டோடு. "வாத்தியாரே, குளிரு வெளிய வரைக்கும் வந்துச்சு. என்ன அது, பனித்துளியா, உறைபனியா?" அவள் மலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்குள் நடந்த அந்தப் பழைய சண்டையை மிரேயா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

ஃபெர்மின் கண்ணாடியைத் துடைத்தார். "உறைபனி."

"என்னது? சுவரு வரைக்கும் கேக்கல," என்றார் நெரேயோ வெளியிலிருந்து.

"உறைபனிதான்யா. அவ சொன்னதுதான் சரி. போதுமா?"

"நாலு வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டான் பாரு," என்றார் நெரேயோ, "டோமினோல தோத்தா இன்னைக்கும் ஒத்துக்க மாட்டான்." சுவரின் அந்தப் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஃபெர்மின் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அதை முகத்திலேயே வைத்திருந்தார். அதை எடுத்தபோது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த புதுப்பிப்புகள் பச்சைப் படத்தை இன்னும் இரண்டு முறை இடம் மாற்றின. ஊர் ஒவ்வொரு முறையும் கோபப்பட்டு, ஒவ்வொரு முறையும் பழகிக்கொண்டது. இரு மேசைகளும் ஒன்றானது ஒரு மழைநாளில், நிழல் என்று ஒன்று இல்லாதபோது. நியூயார்க்கின் குளிர்காலங்களில் வில்கின் 'அம்மா, சும்மாவாவது பேசி அனுப்பு' என்று கெஞ்சினான். அதனால் டிசம்பர் முதல் மார்ச் கடைசிவரை நடுப்பகலில் கடற்சுவர்மேல் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்து, ஊர்வம்புகளை நிறுத்தி நிதானமாகப் பேசி, மகன்களின் அறைகளைச் சூடாக்கினார்கள். மலைமேல் மிரேயாவின் அக்கா எல்பாவுக்கு முழங்கால் வலி. அவளுக்கு ஃபெர்மின் தினமும் உச்சிவெயிலில் நின்று, சாகோ கடையின் விலைப்பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்து அனுப்பினார். வாழைக்காய் விலை ஏறி அவர் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் கொஞ்சம் நீளமாகச் சூடு கிடைக்கிறது என்று அவள் சொன்னாள். கொன்ஸ்தான்சாவுக்கு ஒரு முறை வந்துவிட்டுப் போகும்படி அவள் கூப்பிடுவாள். எனக்கு இங்கேயே குளிர் இருக்கிறது என்பார்.

திங்கட்கிழமைகளில் அவர் மேசைவிரிப்பை எடுத்து மடித்து வைத்துவிட்டு, மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அந்தக் குரலை ஒரு முறை கேட்பார். சுனில்தாவின் பேத்தி சில சமயம் உறைபனி படரும் குவளைமேல் விரலால் தன் பெயரை எழுத வருவாள். அவருடைய அன்றைய பதிலின் கீழே ஒரு புதுப் பதில் இருக்கிறது, 'உறைபனிதான்' என்று ஒரே சொல். இரண்டுக்கும் ஓரத்தில் ஒற்றைச் சாம்பல் குறி. அவள் பேசி முடிக்கும்போது பீன்ஸ் கொதி வந்துவிடும். அவர் எழுந்து போய்த் தீயைக் குறைப்பார்.